ஏழு பெட்டிகள்

விருப்ப வரிசையில் இலக்கமிடவும் என்கிறது படிவம்.
ஏழு கல்லூரிகள், ஏழு சின்னப் பெட்டிகள்,
நள்ளிரவுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

எல்லாம் ஒரே கம்பஸ்தானே, ஒரே பட்டம்தானே,
பிறகென்ன ஏழு? என்கிறான் நிதுஷன்
ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி.

ஒன்றில் இரவுச் சாப்பாட்டுக்குக் கறுப்பு அங்கி போடுவார்களாம்.
அந்த நேரம் நான் லோரன்ஸ் கிழக்கு பஸ்ஸில் இருப்பேன்,
ஜன்னல் கண்ணாடியில் நெற்றி முட்ட முட்ட.
விடுதிக்குக் காசில்லை. ஆகவே
கல்லூரி என்பது எனக்கு
இரண்டு வகுப்புகளுக்கு இடையில்
சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாய
ஒரு சோபா.

அப்படித்தான் போன மாதம் சுற்றிப் பார்த்தேன்:
மைக்ரோவேவ் எங்கே, வரிசை எவ்வளவு நீளம்,
புட்டுச் சூடாக்கினால் திரும்பிப் பார்ப்பார்களா.
வழிகாட்ட வந்த பெடியன்
கோபுரங்களைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அம்மா மட்டும்
மியூசியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கல்லூரியில்
வாசலுக்கு மேலே பார்த்தபடி நின்றுவிட்டா.
என்ன எழுதிக் கிடக்கு?
சொன்னேன்.
அதில் விடுதலை என்றொரு சொல் இருந்தது.

குடையை மடக்கினா. மழை விடவில்லை.
"கல்லிலயெல்லோ வெட்டியிருக்கிறாங்கள்" என்றா.
பிறகு, மெதுவாக:
"ஒருத்தரும் வந்து இடிக்கேல்லையோ?"

பதினொன்று ஐம்பத்தெட்டு.
அந்தக் கட்டடத்தில் ஒரு சோபாவையும் நான் காணவில்லை.
அதற்கு நேரே
ஒன்று என்று போட்டேன்.

ஏன் அது? என்றான் நிதுஷன், வாய் நிறைய.

ஸ்டேஷனுக்குக் கிட்ட, என்றேன்.