ஏழு வாட்

கொக்குவில், இரவு ஒரு மணி.
பிஸ்கட் ரின்னுக்குள் நானே பூட்டிய ஒற்றை வால்வு.
போட்டி முடிய நாலரை மணித்தியாலம்.

குணநாயகம் வீட்டு மோட்டர் ஓடினால்
கறண்ட் இறங்கும்,
என் மோர்ஸ் குருவிபோலக் கீச்சிட்டு வழுகும்.
ஏசவும் ஏலாது:
கம்பியின் மறுமுனை அவர் தண்ணித் தாங்கியில்.

பின்லாந்துக்காரன் ஒருவன் கூப்பிட்டான்.
ஐந்து ஒன்பது ஒன்பது
(எல்லாருக்கும் அதைத்தான் சொல்வார்கள்),
இலக்கம் நாற்பத்தேழு என்று தட்டும்போதே
மோட்டர் உறுமியது.

வழுகினேன்.
அவன் போயிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

குமிழைத் திருப்பித் திருப்பி
என் பின்னாலேயே வந்திருக்கிறான்:
நாற்பத்தேழு. சரி. நன்றி.

பற்றரி வைத்திருந்ததற்கே
அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன ஒழுங்கை இது.

லொக்கில் எழுதினேன்.
கொழும்புக்காரர் ஆயிரம் தாண்டியிருப்பார்கள்.
தாங்கி நிரம்பட்டும்,
நாற்பத்தெட்டைத் தேடலாம்.