உமரி சிவக்கும் மாதம்

வாலிநோக்கத்தில் சித்திரை.
உப்புப் பாத்தி வரப்பெங்கும் உமரி சிவந்து கிடக்கிறது,
யாரோ குங்குமச் சிமிழைக்
கவிழ்த்துவிட்டுப் போனதுபோல் என்று எழுதினேன்.
அடித்துவிட்டேன்.
குங்குமம் யாரையும் வெயிலிலிருந்து காப்பாற்றுவதில்லை.

மார்கழியில் இதே செடி பச்சை.
மண்ணில் மழைத்தண்ணீர் நின்றது,
உப்பும் கொஞ்சம் அடங்கியிருந்தது.
இப்போது உப்பு வேரில், வெயில் தலையில்.
பச்சை தன்பாட்டுக்கு வெளிச்சம் வாங்கிக்கொண்டேயிருக்கும்;
வாங்கியதைச் செலவழிக்க வழி இல்லை.
செலவாகாத வெயில்
இலைக்குள்ளேயே பற்றிக்கொள்ளும்.
அதனால் செடி
பச்சைக்கு மேல் ஒரு சிவப்பை இழுத்துப் போர்த்துகிறது.
பீட்டாசயனின்.
பீட்ரூட் நறுக்கிய விரலில் ஒட்டுமே, அதே சாயம்.

நான் இலை எண்ண வந்தவன்.
வரப்புக்குப் பத்து இலை, பனிக்கட்டிப் பெட்டி,
பென்சிலால் எழுதிய சீட்டு.

பஞ்சவர்ணம் உப்பு வாருகிறவர்.
சேலைக்கு மேல் புருசனின் முழுக்கைச் சட்டை,
தலையில் துண்டு, அதன்மேல் சும்மாடு,
காலில் லாரி டியூபை வெட்டித் தைத்த உறை.
குனிந்து ஓர் இலையைக் கிள்ளினார்.
"சீக்கா, பழுப்பா?"
ரெண்டும் இல்லக்கா, குடை.
"குடையவா உள்ளுக்குள்ள முளைக்க வச்சிருக்கு?"
சிரித்தார்.
பிறகு சட்டைக்கையை முழங்கை வரை ஏற்றினார்.
மணிக்கட்டில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே கருப்பட்டி,
மேலே புதுப்பானை நிறம்.
"இதுவும் அதானா?"
அதேதான் என்றேன்.
என் குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

"மழ பேஞ்சா இது பச்சைக்குத் திரும்பிரும்," என்றார்,
எனக்குத் தெரியாததுபோல.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
லாரிக்காரன் ஆரனை அழுத்திக்கொண்டிருந்தான்.
கூடை தலைக்கு ஏறியது.

ராமநாதபுரம் பேருந்தில் பையைத் துழாவும்போதுதான் பார்த்தேன்,
ஒரு குப்பியைப் பெட்டிக்குள் வைக்க மறந்திருக்கிறேன்.
காலையில் அரைத்து வடித்த சாறு.
நாள் முழுக்க வரப்பில் வெயில் காய்ந்து
ஆறிப்போன டீத்தண்ணியாக வெளுத்திருந்தது.

செடியை விட்டு வந்த சிவப்புக்கு
அவ்வளவுதான் ஆயுசு.
அங்கே நிற்பது நேற்றைய சிவப்பாக இருக்காது.
தினமும் கொஞ்சம் காய்ச்சி
தினமும் கொஞ்சம் இழக்கிறதோ என்னவோ.
கீழக்கரை வந்தது. யாரோ மீன்கூடையோடு ஏறினார்கள்.

இந்நேரம் பஞ்சவர்ணம்
சட்டையை அலசிக் கொடியில் போட்டிருப்பார்.
விடியுமுன் அது காய வேண்டும்.