எந்தத் தோல்

சத்துவாச்சாரியில் டயர் கடைக்கு மேல்மாடி.
ஏசி ஓடினால் பிரின்டர் ஓடாது.
எங்களுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள்:
காட்பாடி சாலையில் ஒரு தோல் மருத்துவமனை,
ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை.
மருத்துவமனைக்கு நான் எழுதிய லைப்ரரிக்கு
'தோல்' என்று பெயர்வெளி வைத்தேன்.
தொழிற்சாலைக்கு எழுதிய முனிரத்தினமும்
அதையே வைத்திருந்தான்.
வேறென்ன வைப்பது,
தோலைத் தோல் என்றுதானே சொல்வோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டும் ஒரே சர்வரில் ஏறின.
பின்னால் ஏறியது முன்னால் ஏறியதை விழுங்கியது.
பிழைச்செய்தி இல்லை, ஒரு முனகல்கூட இல்லை.
பதினொன்றரைக்கு மருத்துவமனை பிரின்டர்
ஒரு சீட்டைத் துப்பியது:

துளுக்காணம், வயது 51.
பரப்பு பதினெட்டே கால் சதுர அடி.
இரண்டாம் தரம்.
முன்னங்கால்களில் சுண்ணாம்பு அரிப்பு.
குரோம் பதம்.

ஜெபராணி வரவேற்பிலிருந்து போன் போட்டாள்.
நான் போவதற்குள் அவர் படித்து முடித்திருந்தார்.
முப்பது வருஷம் தொட்டிக்குள் நின்றவர்.
முழங்கை வரை வெடித்த கையால் சீட்டை நீட்டி
"எல்லாம் கரெக்டாதான் போட்டுக்குது சார்,
தரம்தான் ஒண்ணு ஏத்திப் போட்டுட்டீங்க" என்றார்.

அன்றிரவு பெயர் வைக்கும் கூட்டம்.
இரண்டு பேர், நான்கு பரோட்டா.
மாவட்டத்தை முன்னால் போடலாம் என்றான் முனி:
வேலூர் புள்ளி தோல், ராணிப்பேட்டை புள்ளி தோல்.
வேண்டாம் என்றேன்.
தொழிற்சாலைப் பத்திரத்தில் வடஆற்காடு,
பழைய கரன்ட் அட்டையில் வேலூர்,
இப்போது ராணிப்பேட்டை;
தொட்டி ஓரடி நகரவில்லை.
கம்பெனிப் பெயர்?
மருமகன் பொறுப்புக்கு வந்ததும் மாறும்.
எழுதியவன் பெயர்?
"நீ போயிட்டா என்ன பண்றது" என்றான்,
என் டிராயரில் பெங்களூர்க் கடிதம் இருப்பது
தெரிந்தவன் போல.
அப்பன் பெயரில் ஓரெழுத்து எடுத்து
ஒரு புள்ளி வைத்ததும்
என் வகுப்பில் மூன்று தேவராஜும் பிரிந்துவிட்டார்கள்.
தோலுக்கு அப்பன் யார்?

"மாடு" என்றான், வாயில் பரோட்டாவோடு.
நான் சிரிக்கவில்லை.

அதை என்ன செய்கிறோமோ
அதுவே முன்னால் வரட்டும் என்று கடைசியில் முடிவாயிற்று:
வைத்தியம்.தோல்
பதனிடல்.தோல்
விடிவதற்குள் மாற்றி ஏற்றினோம்.
வெறும் தோல் என்ற பழைய பெயரை நான் அழிக்கவில்லை.
யாராவது அதைக் கூப்பிட்டால்
நிறுத்தி, ஒரு கேள்வி கேட்கும்படி எழுதிவைத்தேன்.

அடுத்த வியாழன் துளுக்காணம் மறுபடி வந்தார்.
ஜெபராணி அவர் எண்ணைத் தட்டினாள்.
நாங்கள் மாற்ற மறந்த ஒரே வரி
அவருக்கென்றே காத்திருந்திருக்கிறது.
திரையில் வந்து நின்றது:
எந்தத் தோல்?

அவள் அவர் கைகளைப் பார்த்தாள்.
கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது.