ஈறுகெட்ட எதிர்மறை

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
எங்களுக்கு அதுதான் வேலை.
டர்பனில், அம்பிலோ சாலை மேட்டில், மூன்றாம் மாடியில்
தானமாய் வந்த அறுபது வாய்கள்.

டாக்டர் நொக்வாசி அளவூசியை ஈறுக்குள் இறக்குவாள்.
ஒரு பல்லுக்கு ஆறு இடம்.
மூன்று, இரண்டு, மூன்று என்று ஆங்கிலத்தில் சொல்வாள்,
நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவேன்.
ஐந்துக்கு அவள் குரல் தாழும்.
மில்லிமீட்டர்தான்.
ஆனாலும் ஏழு என்பது கிணறு.

சாட்ஸ்வொர்த் பேருந்து ஓட்டுகிற சாக்ரன் பிள்ளைக்குப்
பத்துவரை தமிழில் எண்ணத் தெரியும்,
கோயிலில் தேங்காய் எண்ணிப் பழகியது.
என் முணுமுணுப்பைப் பிடித்துக்கொண்டார்.
ஏழு நல்லதா?
வாய் நிறையப் பஞ்சோடு கேட்டார்.
வலிக்கவே இல்லையே.
அதுதான், என்றேன்.

ஈறு என்றால் முடிவு என்றும் பொருள்.
விளாத்திகுளத்தில் ஒரு மதியம் கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
கடைசி பெஞ்சு முழுக்க
உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டிச் சிரித்தோம்.
வாடா மலர். செல்லாக் காசு.
இப்போது நான் ஒன்று சேர்ப்பேன்:
நோவா நோய்.

பல்லோரம் சுரண்டியது அரிசி நொய்யில் பாதிகூட இல்லை.
அதற்குள் நெருக்கி நெருக்கிக் குடியிருப்பு,
நடுநடுவே வாய்க்கால்,
காற்றுப் பட்டால் சாகிறவை அடித்தளத்தில்.
காற்றில்லா ஜாடியில், ஆட்டு ரத்தம் கலந்த தட்டில்
ஒரு வாரம் கழித்துக் கறுப்பாய் முளைக்கும்.

அந்த ஜூலையில் மின்சாரம் நான்கு மணி நேரம் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
முப்பத்தேழு டிகிரி வேண்டும் அவற்றுக்கு.
நொக்வாசி ஒரு ஜாடியை ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டாள்.
நானும்.
கர்ப்பிணிகள்போல் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்,
அடுத்தவர் வாய்க்கிருமியை
வயிற்றோடு அணைத்துக்கொண்டு.
அவள் குளிருக்குத் தேநீர் ஊற்றினாள்.
நான் வலது பக்கமாகவே குடித்தேன்.

அதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

பல்லுக்குள் ஆயிரம் நுண்குழாய்.
ஈறு இறங்கினால் அவற்றின் வாய் திறந்துவிடும்.
சூடோ குளிரோ பட்டதும்
உள்ளிருக்கும் துளி நீர் அசைகிறது,
அந்த அசைவைத்தான் கூச்சம் என்கிறோம்.
வெட்கத்துக்கும் நமக்கு அதே சொல்.

குறியீடுகளைத் திறந்த நாளில்
தட்டிலேயே மிகக் கறுத்தது நாற்பத்தொன்று.
ஆரோக்கியமான வாய்களின் வரிசையில் அது.
ஒரு ஆள் குறைந்த மாலையில்
நானே கொடுத்த வாய்.
ஊசி வைக்கவில்லை.
மூன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, மூன்று
என்று இருபத்தெட்டுப் பல்லுக்கும்
என் கையாலேயே எழுதி நிரப்பினேன்.

நொக்வாசி காகிதத்தைப் பார்த்தாள்.
இவ்வளவு அழகான வாய்
நான் பார்த்ததே இல்லை, என்றாள்.
பிறகு விளக்கை இழுத்து நாற்காலிமேல் திருப்பினாள்.

கூரையில் ஒரு ஈரக்கறை, ஆப்பிரிக்கா வடிவமில்லை, எந்த வடிவமும் இல்லை.
எழுத ஆளில்லை.
விரல்களால் எண்ணிக்கொண்டேன்.
இடது கீழ்க் கடைவாயில் ஊசி இறங்கி,
இன்னும் இறங்கி, நின்றது.

ஏழு, என்றாள்,
தமிழில்.