முப்பத்தொரு கிலோமீட்டர்

எங்கே தொடங்குகிறது என்று கேட்டால்
ரபசாரேயில் ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள்.
சதுப்பில் பாசி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்,
போதும் என்று தோன்றும் இடத்தில் விட்டுவிடும்.
அந்த இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.
எஸ்தோனிய அரசின் படிவமோ
புள்ளி ஒன்று வேண்டும் என்கிறது.
இரண்டு நாள் முழங்கால்வரை நனைந்து
இடுப்புயரப் பைன் ஒன்றின் அடியில்
குத்துமதிப்பாக வைத்தேன்.

தண்ணீர் கறுப்பு. அழுக்கல்ல,
அள்ளிப் பார்த்தால் பால்விடாத தேநீர்.
மேலே அதற்கு முஸ்தோயா என்று பெயர், கரிய ஓடை.
ஒன்பது கிலோமீட்டர் இறங்கி, மர ஆலை தாண்டியதும்
அதே தண்ணீர் லின்னுயோகி, பறவை ஆறு.
"அவங்க ஓடை வந்து எங்க ஆத்தைக் கலக்குது"
என்றார் ஆலைக்காரர் ஹில்லார்,
ஏதோ இரண்டு இருப்பது போல.

கிவிசில்லா என்றால் கல்பாலம்.
கல் இல்லை. மரப்பாலம்தான்,
அதிலும் மூன்றாவது பலகை இல்லை.
எந்தக் கரை போடுவது என்ற வழக்கில்
ஆறு வருடமாகத் தாண்டிக் குதிக்கிறார்கள்.
வளைவில் இருபத்துமூன்று வீடு, ஏழில் புகை.

அளந்தது ஜூலையில். ஏப்ரலில் மறுபடி போனேன்.
பனி உருகி, ஆறு கரையை மறந்திருந்தது.
புல்வெளி, சாலை, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சு,
எல்லாம் ஆறு.
நீளம் எது அகலம் எது என்று கருவி திணறியது.
தபால்காரி மைமு காரை மேட்டில் விட்டுவிட்டு
ஒற்றை மரத்தைக் குடைந்த தோணியில் வந்தாள்:
ஓய்வூதியக் கடிதம், வெள்ளரி விதை,
போன வருடம் ஒரு தையல் இயந்திரம்கூட.
வெள்ளம் நிற்கிற மூன்று வாரமும்
இரண்டு கரைக்காரர்களும் மேட்டு வீட்டில்
ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களாம்.
"பலகையைப் பற்றிப் பேசுவார்களா?"
"சாப்பிடும்போதா?" என்றாள்,
துடுப்பில் வழிந்ததை உதறிக்கொண்டே.

ஆல்டர் மரங்களுக்கு அப்பால்
பெரிய ஆறு ஒன்று அவசரமாகப் போகிறது.
நம்முடையது உடனே சேர்ந்துவிடவில்லை,
கொஞ்ச தூரம் ஓரமாகவே நடக்கிறது கறுப்பாக,
புதுப் பள்ளியில் முதல் நாள் பிள்ளை மாதிரி.
பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை.

பெயருக்குப் படிவத்தில் ஒரு கட்டம்தான்.
பென்சிலால் இரண்டையும் நெருக்கி எழுதினேன்.
தலைநகரில் யாராவது ஒன்றை அழிப்பார்கள்.
காலுறையில் பழுப்புக் கறை,
மூன்று தடவை துவைத்தாயிற்று.