மொத்த எடை

தண்டையார்பேட்டை எபினேசர் அண்ணன்
கல்யாண வேலையை விட்டபோது
பதினோராயிரத்துக்குக் கைமாறிய கேமரா.
கார்டில் யாருடைய மெட்டியோ இன்னும் இருந்தது.
அழிக்க மனம் வரவில்லை.
அதனால் என் முதல் நீர்க்காகம்
எச்சில் இலை எடுக்கும் கடைசிப் படத்துக்கு
அடுத்ததாக
இறக்கையை உலர்த்திக்கொண்டு நிற்கிறது.

லென்ஸுக்குள் பூஞ்சை.
வெயிலுக்கு எதிரே பிடித்தால்
எண்ணூரில் பனி பெய்யும்.

மணலி புதுநகர் தாண்டி
எடைமேடையில் இரவு வேலை.
கண்டெய்னர் ஏறும், சிவப்பில் எண் நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
விடிந்ததும் தூங்கப் போகாமல் முகத்துவாரம்.

சுடுதண்ணீர் விழும் வாய்க்காலில்
பவளக்கால் உள்ளான்
காலை மாற்றி மாற்றி வைக்கிறது.
சூடா, பழக்கமா,
படத்தில் தெரியாது.
குழாய்க்குள் நுழைந்த கீரியின்
வால் மட்டும் ஏழு படங்கள்.
காசிமேட்டுப் பருந்து ஏலத்துக்கு நடுவில் இறங்கி
ஒரு சங்கராவின் தலையோடு போனது.
என்னிடம் இருப்பது
அண்ணாந்து திட்டும் ஆட்களின் வாய்கள்.

கழுத்தளவு தண்ணீரில்
கையால் தடவி இறால் பிடிக்கும் தேசப்பன்
ஒருநாள் கரையேறி, ஈரக் கண்ணைச் சுருக்கி
திரையைப் பார்த்தார்.
“கூயக்கடா நல்லாத்தான் கீது.
அதுக்குப் பின்னால
இத்தாம்பெரிய சிமிணி நிக்குமே,
அத்த எங்கப்பா ஒளிச்சி வச்ச?”

இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து
முழங்காலை மடித்தால் போதும், அண்ணே.
இரண்டு வருடமாக
அப்படித்தான் மடிந்துகொண்டிருக்கிறேன்.

மார்கழி. மூன்று மணி இருக்கும்.
லாரி வராத ஒரு நேரம் உண்டு,
விளக்குக் கம்பத்துப் பூச்சிகள்கூட
எதையோ யோசிப்பதுபோல் இருக்கும்.
சாம்பல் குட்டைப் பக்கமிருந்து
ஒன்று வந்தது.
நாய் என்றுதான் நினைத்தேன்.
எங்கள் நாய்கள் வெளிச்சத்தில் குரைக்கும்,
அல்லது வாலாட்டும்.
இது இரண்டும் செய்யாமல்
இரும்புத் தகட்டில் முன்கால் வைத்தது,
சில்லென்றிருந்ததோ என்னவோ, எடுத்தது,
மறுபடி வைத்தது.
நரி.
ரோமத்தில் சாம்பல் அப்பியிருந்தது.
நாற்பது டன் ஏறி இறங்கும் மேடையின்
நட்ட நடுவில் நின்று
மோந்து பார்த்தது.

கேமரா கைக்கெட்டும் தூரத்தில்,
பைக்குள், மூடியோடு.
எதையாவது அழுத்தச் சொல்லி விரல் பதறியது.
அழுத்தினேன்.

பிரிண்டர் கரகரவென்று கத்த
அது தலைதூக்கி என்னைப் பார்த்தது.
பயந்ததாகத் தெரியவில்லை.
தொந்தரவு செய்தவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.
பிறகு இறங்கி
கால்வாய்ப் பக்கத்துக் கருவேலத்துக்குள் போய்விட்டது.

வண்டி எண்:
சரக்கு:
மொத்த எடை: 10 கிலோ
நேரம்: 03:12

பத்துக்குக் கீழே எங்கள் மேடைக்கு எண்ணத் தெரியாது.
எட்டோ ஒன்பதோ இருந்திருக்கும்,
மிச்சத்தை அதுவே போட்டுக்கொண்டது.

காலையில் முதலாளி வரிசை எண்களைச் சரிபார்த்தார்.
“இது யார் வண்டி?”
ஒன்றும் சொல்லவில்லை.
“லோடா, காலியா?”
அதுதான் எனக்கும் தெரியவில்லை.
விலா எலும்புகளை
விளக்கு வெளிச்சத்தில் எண்ணியதுபோலவும் இருக்கிறது,
எண்ணாததுபோலவும்.
கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்தார்.
சீட்டு என்னோடு வந்துவிட்டது.

கேமரா பையில், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.
தேசப்பனிடம் காட்டினேன்.
எழுத்தில் ஈரம் படாமல்
ஓரத்தைப் பிடித்து வாசித்தார்.
“எத்தினி சக்கரம்?”
“நாலு.”
தலையாட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

அதில் இன்னொரு கட்டம் பாக்கி:
வெறும் எடை.
அதை நிரப்ப
போன வண்டி திரும்பி வரவேண்டும்.

இப்போதெல்லாம் மூடியைக் கழற்றி
மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.
இரவுப் பனியில் பூஞ்சை
இன்னும் கொஞ்சம் படர்ந்திருக்கிறது.