வெறுங்கட்டம்

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வேலை
கொலுசை ஆட்டிப் பார்ப்பது.
ஒரு சலங்கை ஊமையென்றாலும்
அந்த ஜோடியை ஒதுக்கிவைப்பேன்.
நாளைக்கு நானூறு ஜோடி.

அது வரும் நாளில்
நானூறும் மண்டைக்குள் ஆடும்.
முதலில் இடது கண்ணோரம்
ரம்பப் பல்லாய் ஒரு வெளிச்சம்,
அரைமணி கழித்து வலி,
பிறகு வாந்தி, பிறகு
வெள்ளிக்கட்டி வைக்கும் இருட்டறையில்
சாக்கின்மேல் நான்.
"கனகமணிக்கு இன்னிக்கும் லீவாட்டம்"
என்பார் முதலாளி, சுவரைப் பார்த்து.

பெட்டிக்கடை மாத்திரை மாதம் இருபது.
வலிக்கு அதுவே தீனி என்றார்
ஐந்து ரோட்டு டாக்டரம்மா.
"இது வலிச்சா போடுறதில்ல.
வலிக்காத அன்னைக்கும் போடணும்.
மூணு மாசம் பொறுங்க.
பதினஞ்சு நாள் ஏழாகும்.
சுத்தமா நின்னுடும்னு நான் சொல்லல."

வாசலில் வந்து நிற்கும் கடன்காரனுக்கு
வட்டி கட்டலாம்.
வராதவனுக்கு?

வீட்டுக்காரர் கேட்டார்:
"வலிதான் இல்லியே, அப்புறம் எதுக்கு மாத்திரை?"
பதில் தெரியும். வார்த்தை வரவில்லை.
இந்த மாத்திரை அப்படி,
எலி மாதிரி வார்த்தைகளைக் கொறிக்கும்.
ஈரோட்டு வியாபாரி முன்னால்
கால்விரலைக் காட்டிக்கொண்டு நின்றேன்,
"இது... கல்யாணத்துல போடுவாங்களே, இது..."
மெட்டி என்று அவரே சொன்னார்.
விரல் நுனியில் எறும்பு ஊறும்.
பன்னீர் சோடா சுரத்தில்லாமல் இறங்கியது;
கேஸே இல்லையென்று கடைக்காரரிடம் சண்டைபோட்டு
இரண்டாவது பாட்டிலையும் திறந்த பிறகுதான்
மாறியது என் நாக்கு என்று புரிந்தது.
இரண்டுக்கும் காசு கொடுத்தேன்.

நிறுத்திவிடலாமென்று ஒரு வாரம் நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே
ராத்திரி ராத்திரி விழுங்கினேன்.

மாதக் காலண்டரில்
வந்த நாளுக்குச் சிவப்பில் பெருக்கல் குறி,
அரைநாளென்றால் ஒற்றைக் கோடு.
மே மாசம் பதினாலு. ஜூனில் பதினொன்று.
ஆடியில்
கோட்டை மாரியம்மனுக்குப் பம்பை அதிர்ந்த புதனன்று
என்ன போட்டேன் என்று தேடினேன்.
ஒன்றும் போடவில்லை.
அன்று என்னதான் செய்தேன்?
கூழுக்கு வரிசையில் நின்றேன் போல.
வெயில் அடித்தது.
தூக்குச்சட்டி சுட்டது.
அவ்வளவுதான் ஞாபகம்.
மறக்கிற மாதிரி ஒரு நாள்
எனக்கும் கிடைத்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது, முழுசாக.
சாக்கு, இருட்டறை, எல்லாம்.
பெருக்கல் போட்டேன்.

நேற்று இரவு மொட்டைமாடியில் துணி எடுக்கையில்
வடக்கே கருப்பில்
கோணல்மாணலாய் ஒரு வெளிச்சம்.
கை சில்லிட்டது.
கண்ணை மூடினேன்.
அதுவென்றால் மூடினாலும் நிற்கும்.

ஒன்றுமில்லை, இருட்டு.

திறந்தேன். இருந்தது.
ஏற்காட்டு மலையின் கொண்டை ஊசி வளைவுகளில்
யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள்,
மெதுவாக,
ஒருவர் பின் ஒருவராக.